மூசையில் போடுமுன்: பழைய வெள்ளி எடுக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர், திருச்செந்தூர் கடைத்தெருக்களிலும் பழைய வெள்ளி எடுக்கும் அண்ணாச்சிமாருக்கும், அடகுக்கடை முதலாளிமாருக்கும், உருக்குப் பட்டறை ஆசாரிமாருக்கும் வணக்கம்.

நான் வெள்ளிப் பட்டறை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். உரைகல்லும் வெங்காரமும், வெள்ளியை உருக்கும் மூசைக் கிண்ணமும் சிலேட்டுப் பலகைக்கு முன்னாலேயே எனக்குப் பழக்கம். அந்த உரிமையில்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழோடு கலந்து ஒரு பதக்கம் உங்கள் தராசுக்கு வரலாம். அதில் ஒரு ராஜாவின் தலையோ, ஒரு ஜனாதிபதியின் தலையோ, ஒரு தேதியோ இருந்தால் அதில் அரம் போடாதீர்கள். உருக்கக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் தனியே எடுத்து வையுங்கள். அது எந்த ஊர்ப் பதக்கம், முதலில் யார் கைக்கு வந்தது என்று விற்க வந்தவரிடம் கேட்டு நாலு வரி எழுதி வையுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மடல் நீளுகிறது.

வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டியதிலிருந்து பரணில் கிடந்த தகரப்பெட்டிகளெல்லாம் கீழே இறங்கிவிட்டன. தாத்தா காலத்துப் பெட்டி, பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பெட்டி, யாருடையது என்றே மறந்துபோன பெட்டி. விற்க வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், பெண்ணுக்கு நாள் குறித்திருக்கும். ஆபத்துக்கு உதவத்தானே வெள்ளியை வீட்டில் வைத்திருந்தார்கள்? உங்களையும் குறை சொல்லவில்லை. எடைக்கு எடுத்து எடைக்குக் கொடுப்பது உங்கள் தொழில். ஆனால் இந்த அவசரத்தில், நாட்டின் தலைமைக்கு ஒருவர் வந்து அமர்ந்ததைக் குறித்து அடித்த பதக்கங்கள், அந்த நாளை நம் சீமை எப்படிப் பார்த்தது என்பதற்கு இருக்கிற கடைசிச் சாட்சிகள், கொலுசோடு கொலுசாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

எவையெவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவற்றில் முக்கியமானது 1911 டெல்லி தர்பார் பதக்கம். தர்பார் என்றால் ராஜா முடிசூடியதைக் கொண்டாட டெல்லியில் கூட்டிய பெரிய சபை. ஒன்றரை அங்குல விட்டம், வெள்ளி. முன்பக்கம் ரோஜா மாலை வளையத்துக்குள் ஐந்தாம் ஜார்ஜும் மேரி ராணியும் முடி தரித்து, ஒருவர் முகத்தோடு ஒருவர் முகம் ஒட்டினாற்போல, இடப்பக்கம் பார்த்தபடி இருப்பார்கள். பின்பக்கம் முழுக்கப் பாரசீக எழுத்து. இந்தியாவின் சக்கரவர்த்தி ஐந்தாம் ஜார்ஜின் தர்பார் என்ற பொருளில் எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ தாயத்து என்று எண்ணி எடைத்தட்டில் போட்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தங்கத்தில் 200, வெள்ளியில் 26,800 அடித்தார்கள். வெள்ளியில் 10,000 பட்டாளத்தாருக்குப் போயிற்று.

அதற்கு முந்தியது 1903 தர்பார் பதக்கம். ஏழாம் எட்வர்டு முடிசூடியதற்காக வைஸ்ராய் கர்சன் பிரபு டெல்லியில் நடத்திய விழா அது. ராஜா நேரில் வரவில்லை, தம்பியை அனுப்பினார். அதில் வெள்ளிப் பதக்கம் மூவாயிரத்தைக்கூட எட்டாது என்பதால் கிடைப்பதே அருமை. இன்னும் முந்தியது 1877. விக்டோரியா ராணி இந்தியாவின் பேரரசி ஆனதாக ஜனவரி 1 அன்று டெல்லியில் லிட்டன் பிரபு அறிவித்தபோது கொடுத்தது. கழுத்தில் தொங்கவிடும்படி உள்ளங்கை நிறையும் அளவில் இருக்கும். அந்த ஜனவரியில் சென்னை மாகாணம் முழுக்கத் தாது வருஷப் பஞ்சம். ஒரு பக்கம் தங்கத்திலும் வெள்ளியிலும் பேரரசியின் முகம், இன்னொரு பக்கம் கஞ்சித்தொட்டி. அந்தப் பதக்கம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், பஞ்சத்துக்கு நடுவில் அடித்த பதக்கம் என்பதை நினைத்துக்கொண்டு அதைத் திருப்பிப் பாருங்கள்.

இவை தவிர 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் முடிசூடியதற்கான பதக்கங்கள் உண்டு. அதே தேதியில் முடிசூட இருந்தவர் அவருடைய அண்ணன் எட்டாம் எட்வர்டு. 1936 டிசம்பரிலேயே அவர் ராஜ்யத்தை விட்டுப் போய்விட்டார். அதற்குள் அவர் முகம் போட்ட முடிசூட்டுப் பதக்கங்களைக் கம்பெனிகள் அடித்து முடித்திருந்தன. நடக்காத விழாவின் தேதியோடு அவை இன்றும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பித்தளை, வெள்ளீயப் பதக்கங்களும் உண்டு. அவற்றில் வெள்ளி இல்லை என்று தெரிந்ததும் நீங்கள் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், அவர்கள் வீதியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இனி என் மனதை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 1911 தர்பார் பதக்கத்தில் வாங்கியவர் பெயர் கிடையாது. பட்டாளப் பதக்கங்கள் பலவற்றில் விளிம்பைச் சுற்றி ஆளின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். தர்பார் பதக்கம் பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டது. நம் பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்கிறவர்கள் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் தேதியும் பாயிலேயே ஏறும்படி நெய்து கொடுப்பார்கள். எத்தனை வருஷம் கழித்து எடுத்து விரித்தாலும் யாருடைய பாய் என்று தெரியும். தர்பார் பதக்கத்தில் இருப்பது ராஜாவின் பெயர் மட்டும். அதைச் சட்டையில் குத்திக்கொண்ட நம் ஊர்க்காரர் யார் என்பது வீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கடைசியாகக் கேட்கிற இடத்தில் இருப்பவர் நீங்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று, "இது எங்க வீட்டுப் பெரியவருக்குக் குடுத்தது" என்று ஒரு வாக்கியம் சொல்வார்கள். அந்த வாக்கியம் போனால் பதக்கம் மியூசியத்துக்கே வந்தாலும் பாதிதான் வந்ததாகும்.

சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவை ஒரு கடையில் பார்த்தேன். கடைப் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து இரண்டு ஜோடி கொலுசு, ஒரு சந்தனக் கிண்ணம், ஒரு பதக்கம் வைத்தார்கள். கடைப் பையன் பதக்கத்தை எடுத்து, மேலே இருந்த வளையத்தைக் குறட்டால் கத்தரித்துத் தனியே போட்டான். பற்றவைப்பு இருக்கும் இடத்தில் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறையும் என்று அப்படிச் செய்வது வழக்கம், உங்களுக்குத் தெரியும். பிறகு அரத்தை எடுத்து நேராக ராஜாவின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். உள்ளேயும் வெள்ளைதான்.

"இது என்ன தாயி?" என்று நான் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுக தாத்தா பட்டாளத்துல இருந்தாவளாம். டில்லியில ராசாவப் பாக்கப் போனப்ப குடுத்தாவளாம். வெயிலுல நாள் பூரா நின்னதுக்குக் கெடச்சது இதுதான்னு சொல்லிச் சிரிப்பாவளாம்" என்றார்கள்.

அந்த எடைக்கு என்ன விலையோ அதற்கு மேலே போட்டுக் கொடுத்து நான் அதை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். "இதோட இன்னொண்ணும் இருந்துச்சு. போன மாசம் வேற கடையில போட்டாச்சு" என்றார்கள். அது எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, பெரிதாக இருந்தது என்பதற்கு மேல் அவர்களுக்கு நினைவில்லை.

இப்போது இந்த மடலை எழுதும்போது அந்தப் பதக்கம் மேஜை மேல் இருக்கிறது. மேரி ராணியின் முகம் சேதமில்லை. ஜார்ஜின் காதுக்கும் தாடிக்கும் நடுவே அரத்தின் பல் பட்ட மூன்று கோடுகள் பளபளக்கின்றன. மற்ற இடமெல்லாம் நூறு வருஷக் கறுப்பு. வளையம் இருந்த இடம் மழுங்கிக் கிடக்கிறது. நாடாவைக் காணோம். கருநீல நாடா, நடுவில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடு, அப்படித்தான் அது வந்திருக்கும். பின்பக்கத்துப் பாரசீக எழுத்தில் மேடான இடங்கள் தேய்ந்து வழவழப்பாக இருப்பதைப் பார்த்தால், அந்தப் பெரியவர் அதை அடிக்கடி எடுத்துத் தடவியிருக்கிறார் என்று தோன்றுகிறது. நாள் பூரா வெயிலில் நின்றதுக்குக் கிடைத்தது இதுதான் என்று சொல்லிச் சிரித்த மனிதர். டெல்லியில் 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரைப் பற்றிப் புத்தகங்களில் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. வங்கப் பிரிவினையை ரத்து செய்தது அங்கேதான். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்ததும் அங்கேதான். ஆனால் நம் தாமிரபரணிக் கரையிலிருந்து போய் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வாக்கியம் அந்த அம்மா சொன்னதுதான்.

"வெள்ளைக்கார ராசா தலைதானே, உருகினால் உருகட்டும். நம்மை அடிமையாக வைத்திருந்தவன் பதக்கத்தைப் பூஜையா செய்யணும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நெல்லைச் சீமைக்காரன் கேட்க வேண்டிய கேள்வியும் கூட. அதற்குப் பதிலையும் நம் சீமைக்குள்ளிருந்தே சொல்கிறேன்.

ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடந்தது 1911 ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூன் 17 அன்று, மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் இருக்கிறது. இந்த மண்ணில் அவருக்கு முடிசூட்டப் பார்க்கிறார்கள் என்ற ஆத்திரம் இருக்கிறது. அந்த ராஜா இங்கே கால் வைத்ததும் கொல்வதென்று 3,000 சென்னை மாகாணத்தார் சபதம் செய்திருப்பதாகவும், அதை அறிவிக்கவே தான் இதைச் செய்ததாகவும் எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தின் சொற்களைப் பற்றியும், ஆஷ் எப்படிப்பட்ட ஆள் என்பது பற்றியும் நம் சீமையில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்ததும் திருநெல்வேலி பற்றி எரிந்த கதையும், தூத்துக்குடியில் அவருடைய கப்பல் கம்பெனியை நசுக்கிய கதையும் அந்த வாதத்துக்குள் இருக்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே ராஜா, அதே முடிசூட்டு, அதே வருஷம். ஒரு நெல்லைக்காரர் அதை எதிர்த்து உயிரை விட்டார். இன்னொரு நெல்லைக்காரர் டெல்லியில் வெயிலில் நின்று பதக்கம் வாங்கிவந்து அதைத் தகரப்பெட்டியில் போட்டு வைத்தார். இரண்டு பேரும் இந்தச் சீமைதான். ஒருவர் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது, வாஞ்சி மணியாச்சி. ஆஷுக்குத் தூத்துக்குடியில் மண்டபம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் கல்லறை இருக்கிறது. அந்தப் பட்டாளத்துப் பெரியவருக்கு என்ன இருக்கிறது? கன்னத்தில் அரம் பட்ட ஒரு வட்ட வெள்ளி. அதையும் மூசையில் போட்டுவிட்டால், 1911-இல் நம் ஊர் ஒரே மனதாக இருந்தது என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பூஜை செய்ய நான் கேட்கவில்லை. மறுக்க முடியாத சாட்சி ஒன்றை அழிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதே முடிசூட்டோடு வந்த இன்னொரு வெள்ளியும் உங்கள் கைக்கு அடிக்கடி வருவதுதான். 1911 என்று தேதி போட்ட ஒரு ரூபாய். ராஜாவின் அங்கியில் ஒரு சின்ன யானை பொறித்திருந்தார்கள். தும்பிக்கையும் காலும் குட்டையாக அமைந்துபோனதால் ஜனங்கள் அதைப் பன்றி என்று எடுத்துக்கொண்டார்கள். கூச்சல் எழுந்ததும் அந்தக் காசைத் திரும்பப் பெற்று, யானையைத் திருத்தி 1912-இல் புதிதாக அடித்தார்கள். 11.66 கிராம், 91.67 டச் என்பதற்கு மேல் நீங்கள் அதில் பார்ப்பதில்லை. தேதியையும் ஒருமுறை பாருங்கள். ஒரு சாம்ராஜ்யம் ஒரு சின்ன யானைக்காகப் பின்வாங்கியது அந்தக் காசில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1947 ஆகஸ்ட் 15-க்கான இந்திய சுதந்திரப் பதக்கம் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. அது செம்பும் நிக்கலும் கலந்தது, உங்களுக்கு அதில் லாபமில்லை. ஆனால் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் அசோகச் சக்கரம், அதன் தலைக்கு மேலே பிரிட்டிஷ் கிரீடம். மறுபக்கம் அசோகர் சிங்கம். ஆட்சி கைமாறிய அந்தக் கணத்தில் இரண்டு அடையாளங்களும் ஒரே உலோகத்தில் நிற்கின்றன. இப்படி ஒன்றை எந்தப் பாடப்புத்தகமும் பிள்ளைகளுக்குக் காட்டி நான் பார்த்ததில்லை.

குடியரசான பிறகு நம் நாடு வேறு வழியில் போயிற்று. எனக்கு அதில் பெருமை உண்டு. 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அன்றைய தினத்துக்காகத் தபால்துறை நாலு தபால்தலை வெளியிட்டது. ஒன்றிலும் தலைவர் முகம் இல்லை. ஆனந்தத்தில் திளைக்கும் கூட்டம், இறகுப் பேனாவும் மைக்கூடும், கதிரும் கலப்பையும், ராட்டையும் துணியும். ரூபாய் நோட்டிலும் ராஜா தலை போன இடத்தில் சாரநாத்துச் சிங்கத்தைத்தான் வைத்தார்கள். நேரு முகம் காசில் ஏறியது 1964-இல், அவர் போன பிறகு. நம் காமராஜர் முகம் காசில் வந்தது 2003-இல், அவருடைய நூற்றாண்டை ஒட்டி. உயிரோடு நாற்காலியில் இருக்கிறவரின் முகத்தைக் காசில் போடுவதில்லை என்கிற அந்தக் கூச்சம் நல்ல கூச்சம். கட்சிக்காரர்கள் பதவியேற்பு நாளில் தலைவர் முகம் போட்டு அடித்துக் கொடுக்கும் வெள்ளிக்காசு வேறு கணக்கு. அதுவும் நாளைக்குச் சரித்திரம்தான், ஒன்றிரண்டையாவது ஒதுக்கி வையுங்கள்.

இந்தக் கூச்சம் மற்ற இடங்களிலும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அதைக் கொண்டாட ஜனங்கள் வாங்கிக் குத்திக்கொண்டது கோட்டுப் பொத்தான். பித்தளையிலும் செம்பிலும், அவர் பெயரின் முதலெழுத்துக்களைப் போட்டு. ஆனால் 1792-இல் காசில் ஜனாதிபதி தலையைப் போடலாமா என்ற பேச்சு வந்தபோது, அது ராஜாக்கள் செய்கிற வேலை என்று மறுத்துச் சுதந்திர தேவியின் உருவத்தைப் போட முடிவெடுத்தார்கள். காசில் இடம் கொடுக்காத முகத்துக்குப் பதக்கத்தில் இடம் கிடைத்தது. பதவியேற்பு விழாக் கமிட்டியே அதிகாரபூர்வமாகப் பதக்கம் அடிப்பது அங்கே 1901-இல் தொடங்கியது. 1905-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத் தன் பதவியேற்புப் பதக்கம் பிடிக்கவில்லை. அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்ற பெரிய சிற்பியைக் கொண்டு வேறொன்று செய்துகொண்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் இன்றைக்கு அங்கேதான் இருக்கிறார்கள். லீவுக்கு வரும்போது கொண்டுவந்து ஷோகேசில் வைத்த பதவியேற்புப் பதக்கங்கள் இன்னும் இருபது வருஷத்தில் உங்கள் தராசுக்கு வரும். அப்போதும் இந்த மடல் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது கடலுக்கு அந்தப் பக்கத்துக் காசு ஒன்று. இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்த்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் ஜனாதிபதியாக 1978-இல் பதவியேற்றதைக் குறித்து அவர் முகத்தோடு ஒரு ரூபாய்க் காசு வெளியிட்டார்கள். நிக்கல் கலப்புதான், எடைக்கு ஒன்றும் தேறாது. தூத்துக்குடியிலிருந்தும் நம் பனங்காட்டு ஊர்களிலிருந்தும் கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்கள் திரும்பி வந்தபோது சில்லறையோடு சில்லறையாக அந்தக் காசும் வந்தது. அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன. கடையைப் பறிகொடுத்து வந்த ஒரு வீட்டில் அந்தக் காசை ஏன் இவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அப்பா தூரப் போடக்கூடாதுன்னு சொன்னாவ" என்றார்கள். காரணம் அவர் சொல்லவில்லையாம். அந்தக் காசும் அந்த ஒரு வரியும் சேர்ந்திருந்தால்தான் அது நம் சீமையின் காசு.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாத அளவில்தான் கேட்கிறேன்.

முகமோ தேதியோ எழுத்தோ உள்ள வட்டம் எது வந்தாலும் அரத்துக்கு முன்னால் போன் கேமராவை எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என மூன்று படம். விளிம்பு முக்கியம், பெயர் இருந்தால் அங்கேதான் இருக்கும். எடையை எழுதுங்கள், ஸ்கேல் வைத்து விட்டத்தையும் எழுதுங்கள். புளி, சாம்பல், பூந்திக்கொட்டை எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். கறுத்திருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும், அந்தக் கறுப்புத்தான் வயதுக்கு அத்தாட்சி. வளையத்தையும் கொக்கியையும் வெட்ட வேண்டாம். நாடா நைந்த கந்தலாக இருந்தாலும் கூடவே வையுங்கள். விற்பவரிடம் பெரியவர் என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், எப்படிக் கிடைத்ததாகச் சொல்வார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர்கள் பெயரை வெளியே விட வேண்டியதில்லை. அது உங்கள் நோட்டோடு இருக்கட்டும்.

விற்கிறவரை ஏமாற்ற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் தர்பார் பதக்கத்துக்குச் சேகரிப்பாளர்கள் வெள்ளி எடையைவிட நிச்சயம் கூடத்தான் கொடுப்பார்கள். எடைக்கு எடுத்துவிட்டு மறுநாள் கூடுதலுக்கு விற்றால் வரும் லாபத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுக்குச் சேருங்கள். இல்லாவிட்டால், "இதை உருக்காம வித்தா கூட வரும் தாயி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களே எடுத்துக்கொண்டு போகட்டும். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே காட்டச் சொல்லுங்கள். நூறு வருஷம் தாண்டிய பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கடத்த முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். 1877, 1903, 1911 மூன்றும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று சொல்லி ராமர் பட்டாபிஷேகம் போட்ட போலிச் செம்புக்காசுகள் ஊர் முழுக்கத் திரிகின்றன. அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி லட்சக்கணக்கில் பறிக்கிற கும்பல்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. அந்த வலையில் விற்கிறவரும் விழ வேண்டாம், நீங்களும் விழ வேண்டாம். நான் சொல்கிற பதக்கத்துக்குக் கிடைப்பது நியாயமான கூடுதல் விலை, லாட்டரி அல்ல.

முதல் முடங்கும் என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு நாள் நீங்கள் எடுக்கிற கொலுசுக்கு முன்னால் ஒரு பதக்கத்தின் எடை எம்மாத்திரம்? போலீஸ் விசாரணை வருமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். படமும் எடையும் தேதியும் எழுதிய நோட்டு இருந்தால் அந்தப் பயம் குறையத்தான் செய்யும்.

நம் சீமையில் பாம்படம் எங்கே போயிற்று என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். தோள் தொடும் காதில் பாம்படமும் தண்டட்டியும் ஆட, சந்தைக்கு வந்த கிழவிமார் இல்லாத ஊர் இருந்ததா? அவர்கள் காலத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன, உருகின. இன்று ஒரு நல்ல ஜோடியைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது. எந்த ஊர் ஆசாரி எந்த அச்சில் செய்தார் என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. சங்க காலப் பாண்டியர் காசு அடித்தார்களா என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. தமிழ்ப் பிராமியில் பெருவழுதி என்று பாண்டியர் பெயர் பொறித்த சின்னச் செப்புக்காசை 1980-களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்துச் சொன்ன பிறகுதான் அது தீர்ந்தது. செம்பு என்று எடைக்குப் போயிருக்கக்கூடிய காசு அது.

அதனால் உங்கள் சங்கக் கூட்டங்களில் இதை ஒரு தீர்மானமாக எடுத்து வையுங்கள். தலைவரின் முகமோ பதவியேற்ற தேதியோ உள்ள எந்தப் பதக்கத்தையும் ஒரு மாதம் வைத்திருந்து, படம் எடுத்து, விவரம் எழுதாமல் உருக்கக் கொடுப்பதில்லை என்று ஒரு வரி போதும். உருக்குப் பட்டறை ஆசாரிமார், கடையிலிருந்து வரும் மூட்டைக்குள் தப்பித்தவறி ஒன்று வந்துவிட்டால் கடைக்கே திருப்பி அனுப்புங்கள். அடகுக்கடைகளில் மூழ்கிப்போன பொருள்களை ஏலத்துக்கு விடுமுன் அந்தப் பையையும் ஒருதரம் கொட்டிப் பாருங்கள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் இந்தத் தீர்மானம் வந்துவிட்டால் நல்லது. தேருக்கு வருகிற சனம் அப்படியே கடைத்தெருவுக்கும் வரும், பெட்டி முடிச்சுகளும் அப்போதுதான் அதிகம் வரும்.

படம் எடுக்கவும் விவரம் எழுதவும் கடைப் பையன்களுக்கு நானே வந்து சொல்லிக்கொடுக்கிறேன். பாரசீக எழுத்தைப் பார்த்ததும் எந்த வருஷத்துப் பதக்கம் என்று கண்டுகொள்வதற்கும், போலியைப் பிரித்துப் பார்ப்பதற்கும் ஒரு சாயங்காலம் போதும். இதற்குக் கூலி வேண்டாம், காப்பி கொடுத்தால் சரி. சந்தேகமான பதக்கம் வந்தால் உருக்காமல் வைத்துச் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊரானாலும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து,
வெள்ளிப் பட்டறை வீட்டுப் பிள்ளை ஒருவன்